அளவு தெரிந்தால் கதிரும் மருந்து

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கடைசியில் நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சை எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. டாக்டர் கதிர்ச் சிகிச்சை எடுக்கச் சொல்கிறார். உடனே அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பிவிடும். "ஐயோ, கரண்டு வைக்கப் போறாங்களாம்! கரண்டு வெச்சா உடம்பு கருகிப் போயிடுமாம்!" இதைக் கேட்டுப் பயந்து, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல், நாட்டு மருந்து, மந்திரித்த கயிறு என்று மாதக்கணக்கில் நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டி முற்றிய பிறகு வருவார்கள். முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர், அப்போது கைவிட்டுப் போய்விடுகிறது. அதனால்தான் குழந்தைகள் நிறைந்த இந்தச் சபையில் இந்தப் பேச்சை எடுக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது கரண்டு இல்லை. விளக்கு எரிகிற மின்சாரத்தை யாரும் உடம்பில் பாய்ச்சுவதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் உடம்பை ஊடுருவிப் போகிறதல்லவா? அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிட வலுவான கதிர் இது. கட்டி இருக்கும் இடத்தைக் குறி பார்த்து, நாளுக்குச் சில நிமிடம் செலுத்துகிறார்கள். செலுத்தும்போது வலி தெரியாது. இப்படி வெளியிலிருந்து கதிர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர் உடம்பில் கதிர் தங்கியிருப்பதில்லை. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

ஆனால், கதிருக்குக் கெடுக்கும் குணமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அளவு தவறினால் தோலைப் புண்ணாக்கும். நல்ல உறுப்பையும் கெடுக்கும். அமிர்தமே அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்கிறோம். கதிரைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் பால்மரம் வெட்டியவர்கள். அளவைப் பற்றி அவர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. உளி மேலோட்டமாகப் போனால் மங்கில் பால் இறங்காது. ஒரு நூல் ஆழமாகப் போய்விட்டால் மரத்தில் காயம் பட்டுவிடும். பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; மறுபடி அங்கே உளி வைக்க முடியாது. விடியாத இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கைப்பழக்கத்தாலேயே அந்த அளவைப் பிடித்தார்கள் நம் அம்மாக்களும் அப்பாக்களும். அப்படிப்பட்ட கைகாரர்கள் வெட்டியதையும் மண்டோர் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

கதிர்ச் சிகிச்சையும் இதே மாதிரிதான். அளவு குறைந்தால் புற்று மறுபடியும் தலைதூக்கும். மிஞ்சினால் பக்கத்திலிருக்கும் நல்ல சதைக்குக் காயம். அரிசியைக் கிலோவில் நிறுப்பதுபோல், உடம்பு வாங்கும் கதிரைக் 'கிரே' என்ற அலகால் அளக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், சில வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இந்த அளவை உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது? யார் கொடுத்த விலையில் கற்றுக்கொண்டது? இன்று நான் சொல்ல வந்த செய்தி அதுதான்.

முதலில் பட்டவர்கள்

1895 நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியில் ரோண்ட்ஜன் என்ற பேராசிரியர் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருப்பார். 1898-இல் பாரிஸ் நகரில் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பிரித்தெடுக்கும் முறையைத் தங்கள் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் உலகத்துக்கே சொல்லிவிட்டார்கள்.

மேரி கியூரி போலந்து நாட்டில் பிறந்த பெண். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. பிரான்சுக்குப் போய்ப் படித்தார். முதல் உலகப் போர் வந்தபோது, எக்ஸ்ரே கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டு போனார். அந்தக் கருவியை இயக்க ஏறக்குறைய 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கதிரை மருத்துவத்துக்குப் பயன்படுத்த ஆள்களைத் தயார் செய்யும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் அளவு யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர்களுக்குக் கை புண்ணாகி, விரல் போய், பிறகு உயிரும் போனது. மேரி கியூரியும் 1934-இல் இரத்தம் ஊறாத நோயால் காலமானார். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் 1936-இல் இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். அதில் முதலில் பொறித்த பெயர்கள் 169. அவர்கள் 15 நாட்டைச் சேர்ந்தவர்கள்.

ஹிரோஷிமா சொன்ன கணக்கு

ஜப்பான்காரன் காலம் என்றாலே நம் பெரியவர்களுக்குச் சயாம் மரண ரயில்பாதைதான் நினைவுக்கு வரும். தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த வேதனையை யாரும் மறக்கச் சொல்ல முடியாது. அதே போரின் கடைசியில், 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவிலும், 9-ஆம் நாள் நாகசாகியிலும் அமெரிக்கா அணுகுண்டு போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 140,000 பேரும், நாகசாகியில் ஏறக்குறைய 70,000 பேரும் மாண்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கைக்குழந்தைகளும் அதில் அடக்கம்.

நம் நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மலாயாவிலிருந்து படிக்க அனுப்பப்பட்ட நிக் யூசோப், சைட் ஓமார் என்ற இரண்டு மாணவர்கள் ஹிரோஷிமா குண்டினால் இறந்தார்கள். மூன்றாமவர் பினாங்கில் பிறந்த அப்துல் ரசாக். அவர் பிழைத்து நாடு திரும்பி, மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பித்தார். 2013-இல் காலமானார்.

பிழைத்தவர்களைக் கதிர் என்ன செய்தது என்று ஆராய, 1947-இல் அமெரிக்கர்கள் ஹிரோஷிமாவில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். இரத்தம் எடுத்தார்கள், சோதித்தார்கள், எழுதிக்கொண்டார்கள். ஆனால் வைத்தியம் பார்க்கவில்லை. எங்களைச் சோதனைப் பொருளாக்கிவிட்டார்கள் என்று அந்த மக்கள் மனம் குமுறினார்கள். குமுறாமல் என்ன செய்வார்கள்? 1975-இல்தான் ஜப்பானும் அமெரிக்காவும் செலவையும் பொறுப்பையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டு நிறுவனமாக அது மாற்றப்பட்டது. 2017-இல் நடந்த 70-ஆம் ஆண்டு நிகழ்ச்சியில், முன்பு நடந்ததற்காக அந்த நிறுவனத்தின் தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

மனம் நொந்த நிலையிலும் அந்த மக்கள் ஒத்துழைத்தார்கள். 1950 தொடங்கி ஏறக்குறைய 120,000 பேருடைய வாழ்நாளை அந்த ஆய்வு தொடர்ந்து பார்த்துவருகிறது. யாருக்கு எவ்வளவு கதிர் பட்டது, எத்தனை ஆண்டு கழித்து என்ன நோய் வந்தது என்று எழுதி வைத்தார்கள். இரத்தப் புற்று சில ஆண்டுகளிலேயே கூடியது. மற்றப் புற்றுகள் மெதுவாக வந்தன. கதிரின் அளவு கூடக் கூட அவையும் கூடின. தாய் வயிற்றில் இருந்தபோது அதிகக் கதிர் பட்ட குழந்தைகள் சிலருக்கு மூளை வளர்ச்சி குன்றியது. இதெல்லாம் அந்த மக்களின் உடம்பு எழுதிக் கொடுத்த கணக்கு.

இது எங்கேயோ ஜப்பானில் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால், எக்ஸ்ரே எடுப்பவர் சட்டையைப் பாருங்கள். சின்னதாக ஒரு வில்லை குத்தியிருப்பார். அவர்மேல் பட்ட கதிரை அது அளக்கிறது. கதிர் வேலை செய்பவருக்கு, ஐந்து ஆண்டுச் சராசரியில், ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக நாடுகளுக்கான பரிந்துரை. மார்புக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்தால் அதில் வரும் கதிர் 0.1 மில்லிசீவர்ட் அளவுக்குள்தான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயற்கையாக ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. எக்ஸ்ரே அறைக் கதவில், கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று எழுதி ஒட்டியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அந்த 20 என்ற எண்ணுக்கும், கதவிலிருக்கும் அந்த அறிவிப்புக்கும் பின்னால் ஹிரோஷிமா, நாகசாகித் தாய்மார்கள் நிற்கிறார்கள்.

தபாலில் வரும் மண்டோர்

அளவு இன்னதென்று தெரிந்துவிட்டது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் அந்த அளவைச் சரியாகக் கொடுக்கிறதா என்று யார் பார்ப்பது? இங்கேதான் நாடுகள் சேர்ந்து ஓர் அழகான ஏற்பாடு செய்தன.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் அனைத்துலக அணுசக்தி நிறுவனம் இருக்கிறது. 1957-இல் தொடங்கியது. அதுவும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1969 முதல் ஒரு வேலை செய்துவருகின்றன. வியன்னாவுக்குப் பக்கத்தில் சைபர்ஸ்டார்ப் என்ற ஊரில் உள்ள ஆய்வுக்கூடத்திலிருந்து, பல நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் தபாலில் ஒரு சின்னப் பொட்டலம் போகும். அதற்குள் விரல் நுனியளவு பிளாஸ்டிக் குப்பி. குப்பிக்குள் லித்தியம் புளோரைடு என்ற வெள்ளைத் தூள். ஆஸ்பத்திரிக்காரர் அதை நோயாளி இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, 'நான் 2 கிரே கொடுக்கிறேன்' என்று கணக்குப் போட்டுக் கதிர் விடுவார். பிறகு தபாலில் திருப்பி அனுப்புவார். ஆய்வுக்கூடத்தில் அந்தத் தூளைச் சூடாக்குவார்கள். வாங்கிய கதிருக்குத் தக்கபடி அது ஒளி விடும். ஒளியை அளந்தால், உண்மையில் எவ்வளவு கதிர் பட்டது என்று தெரிந்துவிடும். 2017 முதல் தூளுக்குப் பதிலாக ஒரு சின்னக் கண்ணாடிக் குச்சியைப் பயன்படுத்துகிறார்கள்.

சொன்னதற்கும் பட்டதற்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடமாட்டார்கள். மறுபடி ஒரு பொட்டலம் போகும். அதிலும் சரிவரவில்லை என்றால் நிபுணர் நேரில் போய்க் கற்றுக் கொடுத்துச் சரிசெய்வார். நம் தோட்டத்து மண்டோர் மரத்தடிக்கு வந்து வெட்டைப் பார்த்தார். இந்த மண்டோர் தபாலில் வருகிறார், அவ்வளவுதான்!

தொடங்கிய காலத்தில் சோதித்த ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய பாதிதான் சரியான அளவில் இருந்தன. இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தேறுகின்றன. 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2,000-க்கும் அதிகமான ஆஸ்பத்திரிகளை இந்தப் பொட்டலம் எட்டியிருக்கிறது. நோயாளிக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமலேயே எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2000, 2001-ஆம் ஆண்டுகளில் பனாமா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், கணினியில் விவரம் பதியும் முறையை மாற்றியதால் 28 நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர் போய்விட்டது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். பனாமா அரசு அதை மூடி மறைக்கவில்லை. வெளிநாட்டு நிபுணர்களை அழைத்து ஆராயச் சொன்னது. அறிக்கை 2001-இலேயே அச்சாகி, எல்லா நாட்டுக்கும் போனது. பரீட்சையில் தப்பாகப் போட்ட கணக்கை ஒளித்து வைக்கும் மாணவச் செல்வங்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த ஒரு நாடு ஒளித்து வைத்திருந்தால், அதே தவறு வேறு எத்தனை ஊரில் நடந்திருக்குமோ!

நம் நாட்டின் பங்கு

மலேசியா 1969-இல் அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தில் சேர்ந்தது. 1972-இல் உருவான ஓர் அணு ஆராய்ச்சி மையம் பிறகு துன் இஸ்மாயில் பெயரைப் பெற்றது. இன்றைய மலேசிய அணுசக்தி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். பாங்கியில் அமெரிக்க உதவியோடு அமைத்த சிறிய ஆராய்ச்சி உலை 1982 ஜூன் 28-இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் எடுப்பதற்கு அல்ல. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் அமைத்தது. கதிரை அளக்கும் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் ஆய்வுக்கூடமும் அங்கே உண்டு. உலகில் இப்படிப்பட்ட ஆய்வுக்கூடங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன.

ரப்பர்த் தோட்டத்துச் சபையில் இதையும் சொல்லியாக வேண்டும். பாங்கியில் 'சினாகாமா' என்ற நிலையம் 1989-இல் தொடங்கியது. அங்கே கோபால்ட் கதிரால் மருத்துவப் பொருள்களில் உள்ள கிருமிகளைக் கொல்கிறார்கள். ரப்பர் கையுறைகளும் அவற்றில் உண்டு. ரப்பர் பாலைக் கந்தகம் சேர்க்காமல் கதிரால் பதப்படுத்தும் முறையையும் ஜப்பான், இந்தோனேசியா, மலேசியா முதலிய நாடுகள் சேர்ந்து ஆராய்ந்தன. நீங்கள் மங்கிலிருந்து வாளியில் சேர்த்த பால், கையுறையாகி, ஆப்பரேஷன் செய்யும் டாக்டர் கைவரைக்கும் போயிருக்கிறது.

இனி, ஆள்களைப் பயிற்றும் விஷயம். கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதை இயக்கத் தெரிந்தவரைக் கடையில் வாங்க முடியாது. கதிர்ச் சிகிச்சைக்கு டாக்டர் மட்டும் போதாது. கருவியை இயக்கும் கதிர்ச் சிகிச்சையாளர் வேண்டும், தாதி வேண்டும், அளவைக் கணக்குப் போடும் மருத்துவ இயற்பியலர் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் 1998-இல் மருத்துவ இயற்பியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. பிரிட்டனில் உள்ள துறை அமைப்பு ஒன்று அதற்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. இத்தாலியின் திரியஸ்தே நகரில், பாகிஸ்தானிய விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய மையம் ஒன்று இருக்கிறது. வளரும் நாட்டுப் பிள்ளைகள் 2014 முதல் அங்கே இதே படிப்பைப் படிக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் இத்தாலிய ஆஸ்பத்திரிகளில் கைப்பயிற்சி பெற்று, ஊர் திரும்பி வேலை பார்க்கிறார்கள்.

இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கதிர்ச் சிகிச்சைக் கருவி ஒன்றுகூட இல்லை என்று சொல்லித்தான் 2022-இல் அனைத்துலக அணுசக்தி நிறுவனம் 'நம்பிக்கைக் கதிர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நமக்கோ புத்ராஜெயாவில் 2013 முதல் தேசியப் புற்றுநோய்க் கழகமே இருக்கிறது. அங்கே இல்லாமல் சாகிறார்கள். இங்கே இருந்தும், கரண்டு என்று பயந்து சாகலாமா?

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

தாய்மார்களே, ஒரு வேண்டுகோள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், தீட்டு நின்ற பிறகும் இரத்தம் கண்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கிளினிக்கில் போய்க் காட்டுங்கள். கதிர்ச் சிகிச்சை என்று டாக்டர் சொன்னால் பதறாதீர்கள். "எத்தனை நாள், எவ்வளவு அளவு, என்ன பக்க விளைவு?" என்று கேளுங்கள். மொழி தடையாக இருந்தால் படித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். களைப்பு வரலாம், தோல் சிவக்கலாம், கருக்கலாம். அதையெல்லாம் மறைக்காமல் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கொடுத்த நாளில் ஒரு நாளும் தவறாமல் போங்கள். பாதியில் நிறுத்துவதும் அளவைக் குறைப்பதுதான்.

அப்பாமார்களே, மகன் என்ன, மகள் என்ன, அறிவியலும் கணிதமும் வருகிற பிள்ளையைப் படிக்க வையுங்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?" என்ற கேள்விக்கு மேரி கியூரி என்றைக்கோ பதில் சொல்லிவிட்டார்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் பாராட்டு. வாங்காதவர்களும் தலைகுனிய வேண்டாம். நீங்கள் வகுப்பில் போடும் தசமக் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஆசிரியர் கோபிக்கிறார் அல்லவா? நாளைக்கு ஓர் ஆஸ்பத்திரியில் அந்தப் புள்ளியை நம்பி ஒரு தாய் படுத்திருப்பாள். அவள் நம் தோட்டத்துத் தாயாகவும் இருக்கலாம். அவளிடம் போய், "அம்மா, பயப்படாதீங்க. இது கரண்டு இல்ல. அளவெல்லாம் பார்த்துத்தான் கொடுக்கிறோம்" என்று தமிழில் சொல்ல நம் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை அங்கே நிற்க வேண்டும். அதற்காக நன்றாகப் படியுங்கள்.

வளர்க நம் தமிழ்ப்பள்ளி!